மாலை போட்ட ஃபயர்வால்

முதல் தடவை அது வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. பட்டறையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, டிராயிங் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். எப்போதும் வரும் திரைக்குப் பதிலாகக் கறுப்பில் ஓர் ஆங்கிலக் கடிதம் நின்றது. உங்கள் கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமென்றால் இந்த முகவரிக்கு எழுதவும் என்று வெகு மரியாதையாக எழுதியிருந்தார்கள். திருடனுக்கு எதற்கு இத்தனை மரியாதை என்றுதான் எனக்கு முதலில் கோபம் வந்தது. பயம் பிறகுதான் வந்தது.

எங்கள் பட்டறை கோயமுத்தூரில், கணபதி ஏரியாவுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது. தண்ணீர் மோட்டாருக்குள் சுற்றுகிற விசிறியை இம்பெல்லர் என்பார்கள். அதை வார்ப்பதற்கான அச்சுகளைச் செய்கிறோம். நான் கம்ப்யூட்டரில் வரைவேன், என் வீட்டுக்காரர் மெஷினில் வெட்டுவார். எங்களோடு எட்டுப் பேர் வேலை செய்தார்கள். பதினெட்டு வருடமாக நான் வரைந்தது அத்தனையும் அந்த ஒரே கம்ப்யூட்டருக்குள் இருந்தது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்தில் ஒரு வால் முளைத்திருந்தது. ஒன்றும் திறக்கவில்லை.

வீட்டுக்காரர் எண்ணெய்க் கையோடு உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்.

“ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியா அம்மணி?”

“பாத்துட்டேனுங்க.”

“இன்னொருக்கா பண்ணிப் பாரு.”

அவருக்கு இரும்பில் தெரியாதது கிடையாது. இரும்பு அல்லாத எதற்கும் அவரிடம் இருக்கும் ஒரே வைத்தியம் அதுதான். அவர் சொன்னதற்காக இன்னொரு தடவையும் செய்தேன். கடிதம் அப்படியே நின்றது. ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுவிட்டேன். எட்டுப் பேரும் மெஷின்களை நிறுத்திவிட்டு, இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றார்கள்.

கதவைத் திறந்து வைத்தது நான்தான். மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம், சாயங்காலம் வீட்டில் இருந்தபடியே வரைய வேண்டும் என்று, நெட் கனெக்ஷன் கொடுத்த ஆளிடம் சொல்லி மோடத்தில் ஒரு வழி போட்டு வைத்திருந்தேன். வீட்டு லேப்டாப்பிலிருந்து அந்த வழியாகப் பட்டறைக் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடலாம். மகள் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வழி திறந்தேதான் கிடந்தது. பாஸ்வேர்டு அவள் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். நான் வர முடிகிற வழியில் எவன் வேண்டுமானாலும் வரலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. படித்தவள் என்று எனக்கு ஒரு நினைப்பு வேறு.

பத்தில் எட்டு வேலை எங்களுக்கு ஒரே பம்ப் கம்பெனியிடமிருந்து வந்தது. அவர்கள் தங்களுக்கு வேலை செய்கிற பட்டறைகளுக்கு வெண்டர் எண் என்று ஒன்று தருவார்கள். அந்த எண் இருந்தால்தான் அவர்களுடைய டிராயிங் நம் கைக்கு வரும். எண் போய்விட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அன்று மதியம் அங்கே இருக்கும் பர்சேஸ் அதிகாரிக்குப் போன் போட்டேன். அவர் கோபி ஊர்ப்பக்கத்துக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

“அடடா, என்னங்கம்மா இப்படி ஆயிப்போச்சு. எங்க டிராயிங்கையெல்லாம் மறுக்கா அனுப்பி உடறோமுங்க. ஆனா இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா எங்களுக்கும் கஷ்டமுங்க. ஒரு ஃபயர்வால் போட்டுருங்க. மூணு வாரத்துல எங்க ஆளு வந்து பாத்துட்டு, சரின்னு எழுதிக் குடுத்தாத்தான் உங்க எண்ணை வெச்சுக்க முடியுமுங்க.”

கூடவே ஒரு தாளும் அனுப்பினார். இனிமேல் எங்கள் கம்ப்யூட்டருக்குள் யாராவது புகுந்தால் மறைக்காமல் உடனே தெரிவிப்போம் என்று அதில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்போது எனக்கு இருந்த பயத்தில் வெற்றுத் தாளாக இருந்தாலும் போட்டிருப்பேன். திருடனுக்கு எழுதவில்லை; கம்பெனி அனுப்பியதை வைத்து மறுபடி வரைய ஆரம்பித்தேன்.

ஃபயர்வால் என்பது நெட்டுக்கும் நம் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவனையும் போகிறவனையும் நிறுத்தி விசாரிக்கிற ஒரு பெட்டி. அதை விற்கிற ஒருவர் இஸ்திரி கலையாத சட்டையோடு வந்தார். பெட்டியின் விலையைச் சொன்னார். அதற்கு மேல் வருடா வருடம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி பாதி வேலைதான் செய்யும் என்றார். வீட்டுக்காரர் விலைத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாக என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“இந்தக் காசுக்கு ஒரு பழைய லேத் மெஷினே வாங்கிப்போடலாமே.”

விற்க வந்தவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். வேறு இரண்டு பேரைக் கேட்டேன். அவர்கள் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். மூன்று வாரத்தில் ஒரு வாரம் விசாரிப்பதிலேயே போய்விட்டது. யாராவது ‘என்னங்கக்கா ஆச்சு’ என்று கேட்டால்கூட எரிந்து விழுந்தேன்.

கடைசியில் கோட்டைமேட்டில் பழைய கம்ப்யூட்டர் விற்கிற பாயிடம் போய் நின்றேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். எங்கள் பட்டறைக் கம்ப்யூட்டர்கள் எல்லாமே அவர் கடையிலிருந்து வந்தவைதான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அலமாரிக்கு மேலேயிருந்து சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை இறக்கித் தூசியை ஊதினார்.

“இது போதுங்கக்கா. ஒரு ஆபீஸ்ல கழிச்சுப் போட்டது. ரெண்டு நெட் போர்ட் இருக்குது பாருங்க. ஒண்ணு மோடத்துக்கு, இன்னொண்ணு உங்க பக்கத்துக்கு. ஃபயர்வால் மென்பொருள் நெட்ல சும்மாவே கிடைக்கும், இறக்கிப் போட்டுக்கலாம்.”

“சும்மான்னா?”

“சும்மான்னா சும்மாதானுங்கக்கா. உலகம் பூராப் பல பேரு சேந்து எழுதி, யாரு வேணாலும் எடுத்துக்கங்கன்னு வெச்சிருக்காங்க. உள்ள என்ன எழுதியிருக்குன்னு திறந்துகூடப் பாத்துக்கலாம்.”

சந்தையில் கத்தரிக்காயைக் கொசுறாகக் கொடுத்தால்கூடப் புழு இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிற ஆள் நான். சும்மா கிடைப்பதை நம்பி எட்டுப் பேர் பிழைப்பை வைக்கவா என்று அவரிடம் நேராகவே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் கடையிலும் அதுதான் ஓடுகிறது என்று மேஜைக்கு அடியில் கை காட்டினார். வேறு வழியும் எனக்கு இல்லை. பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மென்பொருளை பாய் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். அதைப் பெட்டிக்குள் ஏற்றுவது அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு யாரை விடலாம், யாரை விடக் கூடாது என்று ரூல் எழுத வேண்டும். அது என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷின் சத்தம் இல்லாத பட்டறையில் உட்கார்ந்து, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதினேன். முதலில் எல்லாருக்கும் கதவை அடைத்துவிட வேண்டும். பிறகு தேவைப்பட்டதை மட்டும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் யார் எது கேட்டாலும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிப் பழக்கம் கிடையாது. கொடுக்க மனசே இல்லாவிட்டாலும் ‘பாக்கலாமுங்க’ என்றுதான் சொல்வோம். எல்லாருக்கும் இல்லை என்று ஆரம்பிக்கிற ஒரு பெட்டியோடு எனக்குப் பழக்கப்பட நாளானது.

அந்த இல்லையிலும் இரண்டு விதம் இருந்தது. கதவைத் தட்டுகிறவனிடம் ‘உள்ளே விட முடியாது’ என்று பதில் சொல்லி அனுப்புவது ஒன்று. பதிலே சொல்லாமல் இருந்துவிடுவது இன்னொன்று. அந்த இரண்டாவதில், தட்டியவனுக்கு உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாது. காத்துப் பார்த்துவிட்டுத் தானாகப் போய்விடுவான். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் சரி என்று வீடியோவில் சொன்னார்கள். எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. ஆனாலும் அதையே வைத்தேன்.

கம்பெனி ஆள் வர மூன்று நாள் இருக்கும்போது மேலே எழுத வேண்டிய ஒரு ரூலைக் கீழே எழுதிவிட்டு, என்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெட்டி எனக்கும் பதில் சொல்லவில்லை. டீ வேணுமா என்று கேட்க வந்த வீட்டுக்காரரிடம், ஒரு டீதான் இப்ப குறைச்சல் என்று கத்தினேன். அவர் டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுப் போனார். போனில் பாய், எல்லாத்தையும் கலைச்சுட்டு முதல்ல இருந்து போடுங்கக்கா என்றார். நான்கு தடவை கலைத்துப் போட்டேன். நான்காவது தடவை எழுதும்போது எல்லா ரூலும் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

வந்த ஆள் ஒரு பையன் மாதிரிதான் இருந்தார். வெளியிலிருந்து எங்கள் பட்டறையைத் தட்டிப் பார்க்கும்படி யாரிடமோ போனில் சொன்னார். பெட்டியின் லாக் என்கிற பதிவேட்டில் அந்தத் தட்டல் வந்து விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும், உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ தட்டியவர்கள் வரிசையாக இருந்தார்கள். நிமிடத்துக்கு நிமிடம் யாராவது ஒருவன் எங்கள் சந்துக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். ஒருவனுக்கும் பதில் போகவில்லை. “நீங்களே போட்டீங்களாம்மா?” என்று கேட்டு, சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் போன பிறகு வீட்டுக்காரர் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் சிரித்தேன். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

பாய் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். வாரா வாரம் எல்லா டிராயிங்கையும் ஒரு தனி டிஸ்கில் நகல் எடுத்து வைக்க வேண்டும். அதைச் செய்தேன். மோடத்தில் நான் முன்பு திறந்து வைத்த பழைய வழியையும் மூடிவிட வேண்டும். அதைச் செய்யவில்லை. மோடத்தின் பாஸ்வேர்டு அதன் முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்தது. போன வருட ஆயுத பூஜைக்கு மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததில் அது அழிந்துவிட்டிருந்தது. நெட் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டால் நாளை என்றார், நாளைக்கும் நாளை என்றார். பின்னால்தான் ஃபயர்வால் நிற்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன். எங்கள் டிராயிங் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் தெம்பு கிடையாது. அதற்கு இருந்த ஒரே காவல் அந்தப் பெட்டி.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் தீபாவளியைவிட அதுதான் பெரிசு. இரண்டு நாள் முன்பே மெஷின்களைக் கழுவ ஆரம்பித்துவிடுவோம். இரும்புத்தூளைக் கூட்டி அள்ளி, ஒவ்வொரு மெஷினுக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைப்போம். ஸ்பேனர், கத்தரிக்கோல், பேனா என்று எதையும் விடமாட்டோம். சோறு போடுகிற ஒரு சாமானையும் அன்றைக்குப் பொட்டில்லாமல் விடக் கூடாது. ஆபீஸ் அறை என் பொறுப்பு. ஒயர்களை எல்லாம் பிடுங்கிப் போட்டு, கம்ப்யூட்டரையும் மோடத்தையும் நகல் டிஸ்கையும் ஃபயர்வாலையும் துடைத்தேன். அந்த வருடம் எங்களைக் காப்பாற்றியது அந்தப் பெட்டிதான் என்று அதற்கு மட்டும் தனியாகச் செவ்வந்தி மாலை வாங்கி வந்திருந்தேன். பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்து, முகத்தை மறைத்துத் தொங்கும்படி மாலையைப் போட்டேன். போர்ட்டுகளும் சின்ன விளக்குகளும் அந்தப் பெட்டிக்கு முகத்தில்தான் இருந்தன. பூசணிக்காய் உடைத்தோம். எல்லாருக்கும் பொரியும் சுண்டலும் கொடுத்தோம். மனசு நிறைந்து கும்பிட்டேன்.

மறுநாள் விஜயதசமியன்று, ஒரு அவசர வேலைக்கு டிராயிங் வேண்டும் என்று வீட்டுக்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். ஒயர்களைத் திரும்ப மாட்டினேன். மோடத்திலிருந்து ஒரு ஒயரை எடுத்து, எல்லாக் கம்ப்யூட்டரும் சேர்கிற சுவிட்ச் பெட்டியில் செருகினேன். நெட் வந்துவிட்டது. கையில் ஒரு ஒயர் மிச்சம் இருந்தது. பழைய ஒயர் ஏதோ ஒன்று போல, மிச்சம் இருந்தால் நல்லதுதானே என்று அதைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். நான்கு தடவை கலைத்துப் போட்ட கைதான் அதையும் செய்தது.

பூஜை போட்ட மாலையை யாரும் கழற்றுவதில்லை. அது தானாகக் காய்ந்து உதிரட்டும் என்று விட்டுவிடுவோம். தினமும் காலையில் லாக் பார்க்கிற பழக்கமும் எனக்கு நின்றுபோனது. பொட்டு வைத்து உட்கார வைத்திருக்கிற பெட்டியைப் போய் சந்தேகப்படுவானேன் என்று இருந்துவிட்டேன். வரும்போதும் போகும்போதும் அதற்கு ஒரு கும்பிடு போட்டேன்.

கார்த்திகை மழையில் ஒரு காலை, கறுப்புத் திரையில் மறுபடியும் கடிதம் நின்றது. இந்தத் தடவை ஒரு வரி கூடுதலாக இருந்தது. உங்கள் டிராயிங்குகளை நாங்கள் எடுத்தும் கொண்டோம், பதில் இல்லாவிட்டால் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுவோம் என்று. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகைகூட வரவில்லை. வெண்டர் எண் போயிற்று என்பது மட்டும் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது.

பாய்க்குப் போன் போட்டுக் கத்தினேன். “சும்மா கிடைச்சது சும்மாவே போச்சுங்க பாய்! உங்களை நம்பி என்ற பொழப்பையே குடுத்தேன். நான் இப்ப எட்டுப் பேருக்கு என்ன பதில் சொல்லட்டும்?” இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் “வாரேனுங்கக்கா” என்று மட்டும் சொல்லி வைத்தார். கோட்டைமேட்டிலிருந்து கணபதி வரை அந்த மழையில் ஸ்கூட்டரில் வந்து, தொப்பலாக நனைந்து வாசலில் நின்றார். துண்டு கொடுத்தேன். தலையைக்கூடத் துவட்டாமல் அலமாரியை நிமிர்ந்து பார்த்தார்.

“மாலையை நான் தொடலாங்களாக்கா?”

நானே எடுத்தேன். காய்ந்த இதழ்கள் என் கை மேல் கொட்டின. அதற்குப் பின்னால் இரண்டு போர்ட்டும் காலியாக இருந்தன. ஓரங்களில் நான் வைத்த சந்தனம் வெடித்துக் காய்ந்திருந்தது.

“இதுல ஒயரே இல்லீங்களேக்கா” என்றார், ரொம்ப மெதுவாக.

நான் ஆணியைப் பார்த்தேன். சுருட்டி மாட்டிய ஒயர் அங்கேயே இருந்தது. அவரும் பார்த்தார். நான் போனில் பேசிய பேச்சுக்கு அவர் என்னை என்ன வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். அந்த ஒயரையும் மோடத்து ஒயரையும் பெட்டியில் மாட்டி, திரையைத் திறந்து லாக்கைக் காட்டினார். கடைசி வரி ஆயுத பூஜைக்கு முந்தின நாளுடையது. அதற்குப் பிறகு ஒருவன்கூட அந்தக் கதவைத் தட்டவில்லை. தட்டியவர்கள் எல்லாம் மோடத்தின் பழைய வழியாக நேரே உள்ளே வந்திருக்கிறார்கள். என் கையை நானே வெட்டிப்போட வேண்டும் போல இருந்தது. பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். “உடுங்கக்கா, பதட்டத்துல பேசறதுதான” என்றார்.

அப்போது வீட்டுக்காரர் பூஜை அலமாரியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தார். நகல் டிஸ்க். அதற்கும் பொட்டு வைத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தவள், திரும்ப மாட்ட மறந்திருந்தேன். மாட்டியிருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டியிருப்பார்கள். பூஜை வரைக்கும் வரைந்தது எல்லாம் அதில் பத்திரமாக இருந்தது. அதற்குப் பின் வரைந்த மூன்றை மறுபடி வரைந்துவிடலாம். என் ஒரே புத்திகெட்ட வேலை எங்களைக் கெடுத்தும் இருந்தது, கைகொடுத்தும் இருந்தது.

பாய் போன பிறகு வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார்.

“அம்மணி, கோப்பெல்லாம் வந்துருச்சு. இதை யாருக்கும் சொல்லோண்டாம்.”

“களவு போயிருக்குங்க. வெளியிடுவோம்னு எழுதியிருக்கான்.”

“அவன் எழுதுவான். வெளியிட்டா அப்பப் பாத்துக்கலாம். நீ சொன்னா இன்னைக்கே எண்ணு போயிரும். இந்த எட்டுப் பேரு ஊட்லயும் அடுப்பு எரியோணுமா வேண்டாமா?”

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் போனது எங்கள் சொத்து இல்லை, அவர்களுடையது. மறைக்கமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். நாளைக்கு அது எங்கேயாவது வெளியே வந்து, ‘உங்களுக்குத் தெரியுமா’ என்று அந்த அதிகாரி மரியாதையாகக் கேட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொள்வது? இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அதிகாரிக்குப் போன் போட்டேன். ஃபயர்வால் மேல் தப்பில்லை, ஒயரைப் பிடுங்கியது நான்தான், பூஜைக்காகப் பிடுங்கினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

“சரிங்கம்மா. மறைக்காமச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க. மேல பேசிட்டுச் சொல்றேனுங்க. பாக்கலாமுங்க.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே வார்த்தையை நானும் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம் ஒரு வேன் வந்தது. செக் பண்ணிட்டுத் திருப்பி அனுப்பிடறோமுங்க என்று சொல்லி, பட்டறையில் இருந்த அவர்களுடைய அச்சுகளை எல்லாம் ஏற்றினார்கள். எங்கள் ஆட்களே தூக்கிக் கொடுத்தார்கள். டிரைவர் டீ குடித்துவிட்டு, போயிட்டு வாரேனுங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அச்சுகள் திரும்பி வரவில்லை. எண்ணை ரத்து செய்துவிட்டோம் என்று ஒரு கடிதம் வந்திருந்தாலாவது அழுது தீர்த்திருப்பேன். அதுவும் வரவில்லை. போன் செய்தால் அதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார் என்பார்கள். மெயில் போட்டால் பதில் இல்லை. களவு போன டிராயிங்குகள் வெளியே வந்தனவா என்றும் எனக்கு இன்றுவரை தெரியாது.

தை மாதத்துக்குள் எட்டுப் பேரில் ஐந்து பேர் போய்விட்டார்கள். நாங்கள் போகச் சொல்லவில்லை. அவர்களே வந்து, பக்கத்துல ஒரு எடத்துல கூப்புடறாங்கக்கா என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். இரண்டு மெஷின்களுக்குத் துணி போட்டு மூடியிருக்கிறோம். வீட்டுக்காரர் ஒரு நாளும் ‘அன்னைக்கே சொன்னேன்’ என்று சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிவிட்டால்கூடத் தேவலை. கம்பெனியிடம் சொல்லியிருக்கக் கூடாதோ, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டுமோ என்று நான் நினைக்காத நாள் இல்லை.

பெட்டி மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது. மோடத்தின் பழைய வழியையும் அடைத்தாயிற்று. தினமும் காலையில் லாக்கைத் திறந்து பார்க்கிறேன். ராத்திரியெல்லாம் தட்டியவர்கள் வரிசையாக இருக்கிறார்கள், ஒருவனுக்கும் பதில் போவதில்லை. போன மாதம் ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பாய்க்குப் போன் போட்டேன்.

“ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க பாய். கம்பெனிக்காரங்க பதில் அனுப்பி, நம்ம பெட்டியே அதை உள்ள உடாம நிறுத்தி வெச்சிருக்குதோ என்னமோ.”

மெயில் அப்படி வருவதில்லை; அது வெளியே இருக்கும், நாம்தான் போய் எடுக்கிறோம். அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அப்படியும் கடையைச் சாத்திவிட்டு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாக, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் கொண்டு வந்த டீ ஆறிப்போயிற்று.

“அப்படி எதுவும் நிக்கலீங்கக்கா” என்றார்.

இன்னும் ஒரு தடவை பார்க்கச் சொன்னேன். அவர் முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.